எல்லாத்துக்கும் சரிங்க

சிவன்மலை ஆண்டவர் துணை

நல்லூர், திருப்பூர்
10 மார்ச் 2024

அன்புள்ள விஜயகுமாரி அக்காவுக்கு,

கிருத்திகா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, மாமா, உங்கள் மகள் கீர்த்தனா எல்லோரும் சௌக்கியம். ஜெர்மனிக் குளிர் உங்களை என்ன பாடு படுத்துகிறது? குதிகாலில் வெடிப்பு வந்திருக்குமே, எண்ணெய் ஏதாவது தடவுகிறீர்களா?

கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். ஃபோனில் கூப்பிட்டால் என்ன சொல்கிறீர்கள்? "நல்லா இருக்கறேன் கண்ணு, சாப்பிட்டயா, வெச்சரட்டா?" அத்தோடு சரி. போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது, அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு இழவும் தெரியாது. அதனால் நீங்களும் கையால்தான் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்துவிட்டால் தப்பிக்க முடியாது.

என் காரியமும் இதில் இருக்கிறது. லிங்கசாமி அண்ணனின் நிட்டிங் கம்பெனி மாடியில் நடக்கிற என் ஜெர்மன் வகுப்பில் இப்போது எட்டு பேர். எல்லாம் நர்சிங் முடித்த பிள்ளைகள். எழுத்துப் பரீட்சையை ஊதித் தள்ளுகிறார்கள். பேசச் சொன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. என்னிடம் படித்து அந்த நாட்டுக்குப் போன முதல் ஆள் நீங்கள்தான். உங்கள் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

ஜூலையில் உங்களுக்கு அங்கீகாரத் தேர்வு. அதில் தேறினால் நீங்கள் முழு நர்ஸ், மாமாவும் கீர்த்தனாவும் உங்களோடு வந்து இருக்கலாம். இரண்டு வாய்ப்புதான் தருவார்கள், இரண்டும் போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்பதெல்லாம் உங்களுக்குக் கவலையே இல்லை. நோயாளியிடம் பேசிக்காட்ட வேண்டிய தேர்வுதானே? இங்கே நீங்கள் ஒரு அதட்டு போட்டால், நோயாளியைப் பார்க்க வந்த ஒறம்பரைக் கூட்டம் லிஃப்ட் வரைக்கும் ஓடும். அந்த வாய் இருக்கும்போது என்ன?

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
உங்கள் கிருத்தி


2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை கிருத்திகாவுக்கு,

அக்காவின் ஆசிகள். நான் சுகம். வெடிப்புக்கு இங்கே ஒரு களிம்பு வாங்கினேன், கேட்கிறது. அப்பாவைச் சர்க்கரை மாத்திரை தவறாமல் போடச் சொல்.

வார்டு சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். காலையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம் எல்லாம் தனித்தனியாகத் தட்டில் அடுக்கி டிராலியில் கொண்டுபோக வேண்டும். அந்த டிராலிச் சக்கரம் துளி சத்தம் போடாது. விரிப்பு மடிக்க ஒரு முறை இருக்கிறது, நான்கு மூலையும் கத்தியால் வெட்டினது மாதிரி நிற்க வேண்டும். நான் மடிப்பதைப் பார்த்து மற்றவர்கள் வந்து நின்று பார்க்கிறார்கள். தேநீரில் பால் ஊற்றாமல் குடிக்கிறார்கள், நாம் வாயில் வைக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இத்தனை நாள் மொட்டையாக நின்றது, இந்த வாரம்தான் துளிர்த்திருக்கிறது.

தலைமை நர்ஸ் பெயர் ஹைகே. நல்ல மனுஷி. என்னை ரொம்ப மெச்சுகிறார். நான் சரளமாகப் பேசுகிறேன். உன் பிள்ளைகளிடம் சொல், பயப்பட ஒன்றுமே இல்லை.

கீர்த்தனாவின் கணக்கு மார்க்கை எழுது. அவளாக உண்மையைச் சொல்ல மாட்டாள்.

அன்புடன்,
அக்கா


நல்லூர்
5 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பா மாத்திரை போடுகிறார், போட்டுவிட்டு ஜிலேபியும் சாப்பிடுகிறார். அக்னி வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீர்த்தனா கணக்கில் நாற்பத்தொன்று. நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். காதர்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற கைருதீன் பாயின் மகள் ஜுவைரியா என்னிடம் படிக்கிறாள், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவள், "ஏனுங்க மிஸ், அந்த ஊர்ல யாரும் பேசவே மாட்டாங்களா?" என்றாள்.

நான் திரும்ப எடுத்துப் படித்துப் பார்த்தேன். அவள் கேட்டது நியாயம்தான். ரொட்டி இருக்கிறது, டிராலி இருக்கிறது, மொட்டை மரம்கூட இருக்கிறது. மனிதர்கள் வந்து நின்று பார்க்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இங்கே இருந்தபோது நீங்கள் டூட்டி முடிந்து வந்தால், எந்தப் படுக்கைக்காரர் என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன திருப்பிக் கொடுத்தீர்கள் என்று சோறு ஆறும் வரைக்கும் சொல்வீர்களே. அடுத்த கடிதத்தில் ஒரே ஒரு நோயாளி பேசியதை அப்படியே எழுதுங்கள், அவர் கேட்டது, நீங்கள் சொன்னது. பிள்ளைகளுக்கு உதவும்.

எனக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது. கீழே மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பாடம் நடத்தினால் வேறு என்ன ஆகும்? அம்மா கசாயம் வைத்துக் கொல்கிறார். வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கிருத்தி


9 ஜூன் 2024

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

நலம். அனைவரையும் கேட்டதாகச் சொல். தேர்வுக்குப் படிக்க வேண்டியிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ கேட்டதற்காக. நேற்று வயதான அம்மாள் ஒருவர், "இன்று வானிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "வெயில் அடிக்கிறது, ஆனால் காற்றும் வீசுகிறது, வெளியே போனால் குடை எடுத்துச் செல்வது நல்லது" என்றேன். "மிக்க நன்றி. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். "எனக்கு நீச்சலும் தோட்ட வேலையும் பிடிக்கும்" என்றேன். நல்ல பெண் என்று சந்தோஷப்பட்டார்.

போதுமா? இனிமேல் இப்படித் தோண்டித் துருவிக் கேட்காதே. வேலைக்கு நடுவில் எழுதுவது கஷ்டம்.

அக்கா


நல்லூர்
16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலம். சிரித்துச் சிரித்து எனக்குத்தான் விலா வலிக்கிறது.

நீச்சலா? உங்களுக்கா? மடத்துக்குளம் சித்தி வீட்டுக்குப் போனபோது வாய்க்காலில் இறங்கச் சொன்னதற்கு என் கையைப் பிராண்டி வைத்தவர் நீங்கள். தோட்ட வேலை இன்னும் அருமை. மாமா வாங்கிக் கொடுத்த ரோஜாச் செடி தண்ணீர் காணாமல் செத்ததே, மறந்துவிட்டீர்களா? போகட்டும். படுக்கையில் கிடக்கிற அம்மாளைக் குடை எடுத்துக்கொண்டு எங்கே போகச் சொன்னீர்கள்?

அக்கா, அது நம் புத்தகத்தில் நாலாம் பாடம். நான்தான் உங்களுக்கு நடத்தினேன். ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது. வாசிக்க ஆரம்பித்ததும் என் பிள்ளைகள் எட்டு பேரும் கூடச் சேர்ந்து ஒப்பித்தார்கள்.

சிரிப்பு அடங்கின பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் இப்படி எழுதினீர்கள்? அங்கே ஒருவரும் உங்களோடு பேசுவதில்லையா, நீங்கள் பேசுவதில்லையா? தேர்வுக்கு ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள், இப்போதே சொன்னால் ஏதாவது செய்யலாம்.

கிருத்தி


நல்லூர்
4 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத மனசில்லை. ஜூனில் அனுப்பிய கடிதத்துக்கு அன்றைக்கே நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ஜூலை நடுவில் தேர்வு முடிந்திருக்கும். மாமாவிடம் கேட்டால், "ரிசல்ட் லேட்டாகும்னு சொன்னா" என்கிறார். அம்மாவிடம் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். பொய்யாவது எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லக்கூடாதா?

நான் ஃபோனில் கூப்பிட மாட்டேன். வகுப்பு, வேலை, நேரமில்லை. எழுதுங்கள். தேர்வு என்ன ஆயிற்று? ஒரு வரி போதும்.

கிருத்தி


10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கிருத்திக்கு,

இதை வகுப்பில் வாசிக்காதே.

நான் தேறவில்லை. எழுதியாகிவிட்டது, இனி மீதியை எழுதுவது சுலபம்.

இங்கே வந்த இரண்டாவது வாரம். டாக்டர் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்து, பன்னிரண்டாம் அறை அம்மாளைப் பற்றி ஏதோ சொன்னார். பாதிதான் புரிந்தது. நம் பழக்கம் உனக்குத் தெரியாதா? பெரியவர்கள் ஒன்று சொன்னால் சரிங்க. மாமனார் சொன்னாலும் சரிங்க, முதலாளி சொன்னாலும் சரிங்க, சொன்னது காதிலேயே விழாவிட்டாலும் சரிங்க. "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டால் அது எதிர்த்துப் பேசுவது என்றுதானே வளர்ந்தோம்? அந்த வேகத்தில் "யா, யா" என்று தலையாட்டிவிட்டேன். அந்த அம்மாளுக்கு ஸ்கேன் இருக்கிறது, காலையில் ஒன்றும் கொடுக்காதே என்பதுதான் அவர் சொன்னது. நான் ரொட்டியும் காபியும் கொடுத்து, வேண்டாம் என்றவரை இன்னும் ஒரு வாய் என்று ஊட்டி, வாயையும் துடைத்துவிட்டு வந்தேன்.

ஸ்கேன் ரத்தானது. அதற்காகவே வேறு ஊரிலிருந்து லீவு போட்டு வந்திருந்த அவருடைய மகள் வராண்டாவில் நின்று கத்தினாள். ஹைகே என்னைக் கூப்பிட்டு, "புரிந்ததா என்று டாக்டர் கேட்டாரே, ஏன் யா என்றாய்?" என்று கேட்டார். அதற்கும் நான் "யா" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு டிராலியும் விரிப்பும்தான். நோயாளிப் பக்கம் விடுவதில்லை. பேச ஆள் இல்லை, பேச்சும் போய்விட்டது. உனக்கு எழுத என்னிடம் என்ன இருந்தது, நாலாம் பாடத்தைத் தவிர? எட்டு பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் எப்படி உண்மையை எழுதுவேன்?

தேர்விலும் அதே கதை. ஒரு பெரியவருக்கு உடம்பு துடைத்து, கட்டுப் போட்டு, அவர் நிலைமையைத் தேர்வாளர்களிடம் சொல்ல வேண்டும். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. அவர்கள் கேட்டதற்கெல்லாம் யா. கடைசியில் படித்துக் காட்டினார்கள். நோயாளியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவில்லை, இது நோயாளிக்கு ஆபத்து. ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள் கிருத்தி, என்னை. பதினைந்து வருஷம் வார்டில் நின்றவளை.

இரண்டாவது வாய்ப்பு நவம்பரில். அதுவரைக்கும் இருந்து இன்னொரு முறை அவமானப்படுவதற்குப் பதிலாக, பேசாமல் ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா


நல்லூர்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வருவதாக எழுதியிருந்த கடைசி வரியை நான் படிக்கவில்லை.

நீங்கள் சொல்கிற வியாதி என் வகுப்பிலும் இருக்கிறது. பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து வாதாடச் சொல்வார்கள். போன மாதம் அப்படி உட்காரவைத்து, வார்டுக்கு டிவி வேண்டுமா வேண்டாமா என்று பேசச் சொன்னேன். ஒருத்தி வேண்டும் என்றாள். மற்றவள், "நீங்க சொல்றது சரிங்க" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். உடனே முதலாமவள், "இல்லீங்க, வேண்டாம்னாலும் சரிங்க" என்றாள். மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வாதம் முடிந்துபோனது. இவர்களுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. மறுத்துப் பேசக் கூச்சம். நான் இத்தனை நாளும் வார்த்தையையே கொட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேளுங்கள். இன்றிலிருந்து யா என்ற சொல்லை உங்களுக்குத் தடை செய்கிறேன். யார் என்ன சொன்னாலும் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். "பன்னிரண்டாம் அறை, காலையில் ஒன்றும் கொடுக்கக்கூடாது, அப்படித்தானே?" அவ்வளவுதான். திருப்பிச் சொல்ல முடியவில்லையென்றால் புரியவில்லை என்று அர்த்தம், அப்போது "புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சமையல்கட்டில் கேளுங்கள், பஸ்ஸில் கேளுங்கள், ரொட்டிக் கடையில் கேளுங்கள். புரிந்திருந்தாலும் கேளுங்கள். கூச்சம் போகிற வரைக்கும் கேளுங்கள். எதிரே இருக்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அது அவர் முகம்.

மாமாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த மனுஷன் இப்போதே ஸ்வெட்டர் விலை கேட்டுக்கொண்டு திரிகிறார்.

ஃபோன் வேண்டாம், எழுதுங்கள்.
கிருத்தி


8 செப்டம்பர் 2024

கிருத்திகாவுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை என்பது தெரிந்துவிட்டது.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அவர், "நீயாச்சும் இப்பச் சொல்லீட்ட. உன்ற தங்கச்சி வாயே தொறக்கறதில்ல, தெரியுமா?" என்றார். உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது. குரல் நாணில் கட்டி, கத்திக் கத்தி வந்தது, ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது, மீறினால் ஆபரேஷன். இதை மறைத்துக்கொண்டு நீ என்னை வாயைத் திறக்கச் சொல்லி அதட்டுகிறாய்! கடிதத்தில் கேட்கிற சத்தத்தைப் பார்த்து நான் உன் தொண்டை நன்றாக இருக்கிறது என்றல்லவா நினைத்தேன்? நான் ஒரு நர்ஸ். என்னிடம் மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? நானும் மறைத்தேன் என்று சொல்வாய். நான் அக்கா, மறைக்கலாம்.

உன் பாடத்தைச் சொல்கிறேன். முதல் நாள் ரொட்டிக் கடையில் கேட்டேன். அந்தப் பெண் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், உலகம் ஒன்றும் அழியவில்லை. போன வாரம் விரிப்பு அறையில் ஹைகே ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார். பின்னாலேயே போய் "புரியவில்லை" என்றேன். "எது புரியவில்லை?" என்றார். "டிசம்பரிலிருந்து நீங்கள் சொன்னது பாதி" என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்து, பிறகு சிரித்தார். இப்போது காலை ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நோயாளிகளைப் பற்றிச் சொல்லும்போது என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்கிறார்.

ஆனால் அரை வார்த்தை, கால் வார்த்தை போதாது. எனக்கு மணிக்கணக்காகப் பேச வேண்டும். உன் பிள்ளைகளுக்கு டிசம்பரில் தேர்வு, அவர்களோடு பேச ஆள் வேண்டும். வகுப்பை நிறுத்திவிடலாம் என்று நீ மாமாவிடம் எழுதிக் காட்டினாயாமே? நிறுத்தக்கூடாது. வருகிற ஞாயிறிலிருந்து வகுப்பை நான் எடுக்கிறேன். வீடியோ காலில் வருகிறேன், டிவியில் என்னைப் போடு. நான் தோற்றதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு, ஒளித்து வைக்க இனித் தெம்பில்லை. நீ மூலையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கவனி.

அம்மாவின் கசாயத்தைக் குடிக்காதே. டாக்டர் சொன்னதை மட்டும் கேள்.
அக்கா


நல்லூர்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைய வகுப்பு முடிந்த கையோடு எழுதுகிறேன். நலமா என்று கேட்க வேண்டியதில்லை, சற்று முன்வரைக்கும் டிவியில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள், நன்றாகவே இருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன், மூலையில் இருந்து பார்த்தவள் நான்தானே. முதல் ஞாயிறு நீங்கள் தாளைப் பார்த்து வாசித்தீர்கள். பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். இரண்டாவது ஞாயிறு கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தி நோயாளியின் பெயரைக் கேட்காமலே ஊசி போடுவதாகச் சொன்னாள். உங்களுக்கு வந்ததே கோபம்! தாள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "நைன்! நைன்! கூடாது! யாருக்குப் போடுகிறாய்? பெயரைக் கேட்டாயா? பிறந்த தேதி கேட்டாயா? திரும்ப வா, கதவிலிருந்து வா!" எல்லாம் ஜெர்மன். திருப்பூர் வார்டில் பேசின அதே வாய். ஜெர்மன் பேசுகிறோம் என்பதே உங்களுக்கு மறந்துபோயிருந்தது. நான் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், சிரித்தாலும் சத்தம் வரக்கூடாதே.

இன்றைக்கு ஜுவைரியாவைக் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நோயாளியாக்கினீர்கள். அவள் அப்பா கடையில் பேரம் பேசிப் பழகினவள், லேசில் விடுவாளா? தண்ணீர் சூடு என்றாள், நேற்றுதான் குளித்தேன் என்றாள், உங்களைப் பிடிக்கவில்லை, வேறு நர்ஸை அனுப்பு என்றாள். நீங்களும் விடவில்லை. ஏன் என்று கேட்டீர்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டீர்கள், கடைசியில் முகம் மட்டும் துடைக்கலாமா என்று இறங்கி வந்தீர்கள். முடிந்ததும் மற்ற ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், நான் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேன், இப்படிச் செய்திருப்பேன் என்று. தப்பும் தவறுமான ஜெர்மன்தான். ஆனால் என் வகுப்பில் நான் அவ்வளவு ஜெர்மன் கேட்டதே இல்லை. எனக்குக் குரல் இருந்த காலத்தில் நானே பேசித் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

நேற்று டாக்டர் மெதுவாகப் பேச அனுமதி கொடுத்தார். கட்டி சுருங்கிவிட்டது. இத்தனை நாளுக்குப் பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் நர்ஸிடம், "சித்த தண்ணி குடுங்க" என்றேன். குரல் வந்தது. ஒல்லியாக, ஆனால் என் குரல்தான். இனிக் கத்த மாட்டேன். ஒன்று சொல்லிவிட்டு மிச்சத்தை அவர்களைப் பேச விடுவேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் ஃபோனில் கூப்பிடுங்கள். நான் பேசுகிறேன். அம்மா உங்களுக்காகச் சஷ்டி விரதம் இருக்கப்போகிறார்.

உங்கள் மாணவி,
கிருத்தி


24 நவம்பர் 2024

அன்புள்ள கிருத்திக்கு,

அக்காவின் அன்பு. ரிசல்ட்டை மாமாவிடமும் அம்மாவிடமும் ஃபோனில் சொல்லிவிட்டேன், உனக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுத ஆசை. தேறிவிட்டேன். நீ பேசின அந்த ஐந்து நிமிடம் உன் குரலைக் கேட்டபோதே பாதி தேறியாயிற்று.

இந்தத் தடவை இடுப்பில் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர், பெயர் பிரான்ட். நாட்டுப்புறத்து ஜெர்மன், வாயில் பல்லும் இல்லை. காலையில் தொடவே விடவில்லை. என்ன சொல்கிறார் என்று ஒன்றும் விளங்கவில்லை. "ஐயா, நான் இந்தியாவிலிருந்து வந்தவள், உங்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்றேன். கோபமாகத் திருப்பிச் சொன்னார். மறுபடியும் புரியவில்லை என்றேன். தேர்வாளர்கள் மூன்று பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்கு முதுகெல்லாம் வியர்வை. மூன்றாவது முறை அவர் வலது பக்கத்தைத் தட்டிக் காட்டிச் சொன்னார். அந்தப் பக்கம் புரட்டினால் உயிர் போகிறதாம், இரண்டு நாளாகச் சொல்கிறாராம், யாரும் காதில் வாங்கவில்லையாம். "வலது பக்கம் புரட்டக்கூடாது, அப்படித்தானே?" என்றேன். "யா!" என்று அவர் கத்தினார். பிறகு இடது பக்கமாகவே எல்லாவற்றையும் செய்தேன், பிரான்ட் தாத்தா வழிநெடுகப் பேசிக்கொண்டே இருந்தார், நானும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். தேர்வாளர்களில் டாக்டர் ஒருவர் படபடவென்று ஏதோ கேட்டார். கையைக் காட்டி நிறுத்தி, "மெதுவாக" என்றேன். முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசிவிட்டோமே, போச்சு என்று நினைத்தேன். ஹைகே வந்து கையைப் பிடித்துத் தேறிவிட்டாய் என்றார். அழுதேன், வெட்கப்படவில்லை.

பிறகு அவர் அறையில் உட்காரவைத்து, "இனி நீ இந்த வார்டின் நர்ஸ். ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். சும்மா மரியாதைக்குக் கேட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டிய இடம்.

நான், "இருக்கிறது" என்றேன். "போன மாதம் பிலிப்பைன்ஸிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இரண்டு நர்ஸ்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் இப்போது டிராலி தள்ளுகிறார்கள். யாரோடும் பேசாமல் டிராலி தள்ளினால் மொழி வராது. எனக்கு வரவில்லை, கிட்டத்தட்ட ஒரு வருஷம் போயிற்று. வாரம் ஒரு மணி நேரம் அவர்களை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும், அதுவும் வேலை நேரத்திலேயே" என்றேன். இலக்கணம் எப்படி இருந்ததென்று தெரியாது. ஹைகே தலையாட்டி, "பார்க்கலாம்" என்றார்.

நமக்குத் தெரியாத பார்க்கலாமா கிருத்தி? வரன் கேட்டு வந்தவர்கள், லீவு கேட்டு வந்தவர்கள், எத்தனை பேரை நாம் "பாக்கலாமுங்க" என்று சிரித்த முகமாகவே வாசலோடு அனுப்பியிருக்கிறோம்! நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். எனக்குத் தேதி வேண்டும்" என்றேன்.

ஹைகே கம்ப்யூட்டரைத் திருப்பி, டிசம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, மதியம் மூன்று மணி என்று அடித்தார். அடித்துவிட்டு, "யார் நடத்துவது?" என்று கேட்டார்.

"நான்" என்றேன்.

உன் அக்கா,
விஜயகுமாரி